ஈய மணலுக்கு நாட்டுப்புல்: பீடோர் பக்கத்து நாற்றங்கால் ஒன்றின் தரம் எப்படி?

ஈயம் (வெள்ளீயம்) எடுத்துக் கொட்டிய மணலில் மரவள்ளி, கொய்யா, காய்கறி என்று பயிர் பார்த்துவிட்டுக் கைவிட்ட நிலங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் வட்டாரத்தில் நிறைய. அந்த நிலத்தை மறுபடி நாட்டுப்புல்லால் மூட நினைப்பவர்களுக்குத்தான் இது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டியுள்ள நாற்றங்கால் ஒன்றில் புல் இரண்டு விதமாகக் கிடைக்கிறது: மண்ணோடு வெட்டிய பத்தை, 104 குழித் தட்டில் வளர்த்த நாற்று. வெளுத்த மணலுக்கு நாற்றை வாங்குங்கள். பத்தை வேண்டவே வேண்டாம்.

காரணம் பத்தையின் அடிமண். அது களிமண்ணில் வளர்த்து வெட்டியது. கரடு மணல்மேல் களிமண் படலம் உட்கார்ந்தால், அது முழுக்க ஊறும்வரை தண்ணீர் கீழே இறங்காது. ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் இருக்கும், ஆகவே வேரும் படலத்தைத் தாண்டாது. கொஞ்ச நாள் மழை தவறினால் களிமண் சுருங்கி ஓரம் தூக்கும். அப்புறம் பாயைச் சுருட்டுவதுபோல் கையாலேயே சுருட்டி எடுத்துவிடலாம். முதல் மாதம் மேலே பச்சையாகத் தெரிவதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தட்டு வாங்கும்போது ஒரு நாற்றை மெல்ல உருவிப் பாருங்கள். மணலும் தேங்காய் நார்த்தூளும் உதிராமல் கூம்பாக வரவேண்டும், பக்கவாட்டில் வெள்ளை வேர்நுனி தெரியவேண்டும். வேர் பழுப்பேறி அடியில் வளையமாகச் சுற்றியிருந்தால் அது தட்டில் அதிக நாள் கிடந்தது. நட்ட பிறகும் அந்த வளையத்தைவிட்டு வெளியே வரத் தாமதமாகும். இங்கே பிலிப்பைன் புல் என்னும் நாட்டுப்புல்லின் தட்டுகள் பெரும்பாலும் நல்ல பருவத்தில் இருக்கின்றன. கெமுன்சுப் என்னும் இன்னொரு நாட்டுப்புல்லை வாங்குபவர்கள் குறைவு, அதனால் பழைய தட்டு பின்வரிசையிலேயே தேங்கிக் கிடக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள்.

பெரிய குறை, கௌ கிராஸையும் நாட்டுப்புல் வரிசையில் அடுக்கி வைத்திருப்பது. அந்த அகன்ற இலைப் புல் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. நிழலும் ஈரமும் உள்ள வீட்டு முற்றத்துக்கு நன்றாக வரும், வெட்டவெளி மணலில் கருகும். நம் கடற்கரை மணலில் இயல்பாக வளரும் பிலிப்பைன் புல்லையும், காற்சட்டை ஓரத்தில் ஊசியாக ஒட்டும் கெமுன்சுப்பையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பிலிப்பைன் புல் மெதுவாகத்தான் படரும். அதற்கு 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சதுர மீட்டருக்கு 25 நாற்று என்றால் ஒரு தட்டு 4 சதுர மீட்டருக்கு வரும். கெமுன்சுப்புக்கு 30 சென்டிமீட்டர் போதும், ஒரு தட்டு 9 சதுர மீட்டரை எட்டும்.

நடவு வேலையையும் ஒப்பந்தமாக எடுக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது. நாற்றின் தலை மணல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே போகும்படி வைத்துக் குதிகாலால் அழுத்துகிறார்கள். நார்த்தூள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் வெயில் அதன் வழியாகவே ஈரத்தை இழுத்துவிடும், ஆகவே இதுதான் சரியான முறை.

லாலாங் என்னும் களைப்புல்லை ஒழிக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். உழுதுபோட்டு உடனே நடச் சொல்கிறார்கள். உழவு லாலாங்கின் மண்ணுக்குள் ஓடும் அடித்தண்டைத் துண்டு துண்டாக்கும், துண்டுகள் தனித்தனிச் செடியாகக் கிளம்பும். பச்சையாக வளரும் இலையில் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து, மூன்று நான்கு வாரம் விட்டு, மறுபடி துளிர்ப்பதற்கு இன்னொரு முறை அடித்த பிறகே நடவேண்டும். அடித்த சில மணி நேரத்தில் மழை பிடித்தால் மருந்து வீண். பாராகுவாட் என்னும் இன்னொரு களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அது இலையை மட்டும்தான் எரிக்கும், அடித்தண்டு பிழைத்துக்கொள்ளும் என்பதால் இந்த வேலைக்கு அது இல்லாதது நட்டமில்லை.

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 15-15-15 உர மூட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். நடும்போது வேண்டாம். மணலில் தழைச்சத்து தங்காது, தங்கும் கொஞ்சத்தையும் கினிப்புல் என்னும் களை முந்திக்கொண்டு தின்றுவிடும். புல் படர ஆரம்பித்த பிறகு சிறுகச் சிறுகப் போடலாம்.

எண்ணெய் ஆலையிலிருந்து, பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலையை லோரியில் வரவழைத்துக் கொடுப்பது உண்மையிலேயே நல்ல சேவை. மணலை மூடும்படி வரிசைகளுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் பெருகிப் பக்கத்துச் செம்பனைக்குப் போகும்.

மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மழைதான் நடவுக்கு ஏற்றது, அதை விட்டால் ஏப்ரல், மே. அக்டோபர் நடவுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தட்டுக்குச் சொல்லிவையுங்கள். மூடிய லோரியில் ஏற்றச் சொல்லுங்கள், திறந்த லோரியில் காற்றடித்து வரும் நாற்று இறக்கும்போதே வாடியிருக்கும்.