640 வெள்ளி போச்சு! பிரஞ்ச் (brunch) பற்றுச்சீட்டு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

640 வெள்ளி. நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டது. எழுதும்போதே வயிறு எரிகிறது. இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயா பக்கம். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி எங்களை ஆளாக்கியவர். அவருக்கு அறுபது வயது நிறைகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கோலாலம்பூரில் நல்ல உணவகத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் ஆசை. பசியாறலும் மதியச் சாப்பாடும் சேர்ந்த மாதிரி, வார இறுதியில் மட்டும் போடுவார்களே, அந்த பிரஞ்ச் பஃபே.

உணவகங்களின் தள்ளுபடிப் பற்றுச்சீட்டுகளை விற்கும் ஓர் இணையத்தளத்தில் பார்த்தேன். பெயரை எழுதவில்லை, நாளைக்கு வக்கீல் கடிதம் அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆளுக்கு 128 வெள்ளி, நெட். அதாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி எல்லாம் உள்ளடக்கம். ஐந்து பேருக்கு 640 வெள்ளி. சனி, ஞாயிறு செல்லும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

உடனே வாங்கிவிடவில்லை. அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். மாட்டிறைச்சி எடுத்த இடுக்கி பட்ட தட்டைக்கூடத் தொட மாட்டார். ஹலால் உணவகங்களில் பேக்கன், சாசேஜ் என்றால் மாட்டிறைச்சியாகவும் இருக்கலாம். அதனால் அந்தத் தளத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதிக் கேட்டேன். பதில் தமிழிலேயே வந்தது. “அக்கா, கவலையே படாதீங்க. அது தனி மேசையில இருக்கும். அம்மாவுக்குப் பிறந்தநாளா? நானே கடையில சொல்லி, நல்ல இடமாப் போடச் சொல்றேன்.” அப்புறம் குரல் பதிவு ஒன்று, அம்மா பெயரைச் சொல்லி வாழ்த்து! அம்மாவிடம் போட்டுக் காட்டினேன், இரண்டு தடவை கேட்டுச் சிரித்தார். நம்ம பிள்ளை, நம்ம பேச்சு, அம்மா என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளை என்று மனம் முழுசாக நம்பியது. அன்றைக்கே கைப்பேசியில் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்து 640 வெள்ளி கட்டினேன். கார்டில் கட்ட வசதியே வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று இப்போது புரிகிறது.

லாத்தார் நெடுஞ்சாலையில் டோல் கட்டி, கோலாலம்பூர் நெரிசலில் ஊர்ந்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இருந்த பையன் பற்றுச்சீட்டை ஸ்கேன் செய்தான். திரையில் சிவப்பு. மறுபடியும் செய்தான், மறுபடியும் சிவப்பு. உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தான். அவர் சொன்னார்: வார இறுதி பஃபேயை நிறுத்திவிட்டோம், அந்தத் தளத்தோடு ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, உள்ளே வர வேண்டுமானால் மெனுவைப் பார்த்துத் தனியாக ஆர்டர் செய்யுங்கள். அம்மா பட்டுச் சேலையில், தலையில் மல்லிகையோடு, வாசல் நாற்காலியின் நுனியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னம்மா, நமக்கு இடம் இல்லையா?” என்றார். என்ன பதில் சொல்வது? பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தோம்.

இனிமேல்தான் கூத்து. உணவகத்துக்கு அழைத்தால், “நீங்கள் பணம் கட்டியது எங்களிடம் இல்லை, அவர்களைக் கேளுங்கள்.” தளத்தைக் கேட்டால், “கடைதான் ஒப்பந்தத்தை மீறியது, கடையைக் கேளுங்கள்.” புகார் எண் கொடுத்தார்கள். பதினான்கு வேலை நாள் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். பிறகு பணத்துக்குப் பதில் ‘பாயின்ட்’ தருகிறோம், வேறு கடையில் முப்பது நாளுக்குள் பயன்படுத்துங்கள் என்றார்கள். எனக்கு எதற்குப் பாயின்ட்? நான் கொடுத்தது பாயின்டா? 640 வெள்ளி ரொக்கம்! அக்கா அக்கா என்று பேசிய பிள்ளையின் எண்ணில் இப்போது இரண்டு நீலக் குறி மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

பட்டணத்துக்காரராக இருந்தால் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போய் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவார். எங்களைப் போலத் தோட்டப்புறத்திலிருந்து வருகிறவர்கள் எத்தனை தரம் டோலும் எண்ணெயும் போட்டு ஏறி இறங்குவோம்? இழுத்தடித்தால் அலுத்துப்போய் விட்டுவிடுவோம் என்ற தைரியம்தான் அவர்களுக்கு. நான் விடுவதாக இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றுச்சீட்டு வாங்கும் முன் உணவகத்துக்கே அழைத்து, அது செல்லுமா என்று கேளுங்கள். கியூஆர் மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடமாவது பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

நான் மனு போடுகிறேன். தளத்தில் ஒரு பெயர், டூயிட்நவ் ரசீதில் வேறொரு கம்பெனிப் பெயர், முகவரி எதிலும் இல்லை. மனுவில் எழுத அது வேண்டும். இதே மாதிரி பிரஞ்ச் பற்றுச்சீட்டு வாங்கி ஏமாந்தவர்கள் உங்கள் ரசீதில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.