சிசிலியா, சார்டினியாவா: முதலில் எந்தத் தீவு?

இத்தாலியின் இரு பெருந்தீவுகளான சிசிலியும் சார்டினியாவும் பரப்பில் ஏறத்தாழ இணையானவை. ஆனால் வரலாற்றையும் உணவையும் அறியச் செல்பவருக்கு அவை காட்டும் முகங்கள் முற்றிலும் வேறு. சிசிலி, வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒன்றை வாங்கித் தனதாக்கிக்கொண்டது. சார்டினியாவோ, அயலார் கடற்கரையைப் பிடித்தபோது மலைக்குள் ஒதுங்கித் தன்னைக் காத்துக்கொண்டது.

சிசிலியின் சிரக்கூசா நகரப் பேராலயம், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அதீனாவுக்கு எழுப்பிய கோயிலின் தூண்களுக்கிடையே சுவர் வைத்து உருவாக்கப்பட்டதாகையால், இன்று வழிபட வருவோரும் அத்தூண்களை ஒட்டியே நடக்கின்றனர். பலெர்மோவில், 1130இல் முடிசூடிய நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அரண்மனைச் சிற்றாலயத்தில், பைசாந்தியப் பொன் மொசைக்குகளுக்கு மேலே அரபுப் பாணியில் செதுக்கிய மர விதானம் விரிகிறது. 827இல் வந்திறங்கிய அரபியரின் தடம் அடுப்படியிலும் தெரிகிறது: திராபனியில் ரவையைக் கையால் உருட்டி ஆவியில் வேகவைத்து, மீன் சாறு ஊற்றிக் கூஸ்கூஸ் பரிமாறுகிறார்கள், மத்தியோடு உலர்திராட்சையும் பைன் விதையும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் சேரும் பாஸ்தாவில் உப்பும் இனிப்பும் ஒருங்கே நாவில் படும்.

சார்டினியாவின் செல்வம் இவ்வளவு எளிதில் கண்ணில் படாது. வெண்கலக் காலத்தில் சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிய நுராகே கோபுரங்கள் அங்கே ஏறத்தாழ 7,000 உள்ளன. பரூமினியில் உள்ள தொகுதியை 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மொழியும் அவ்வாறே பழமையைப் பேணுகிறது: இலத்தீனின் ககர ஒலி இத்தாலியத்தில் திரிந்து 'நூறு' என்பது 'செந்தோ' ஆகிவிட, மலைநாட்டுச் சார்டினியத்தில் அது 'கெந்து' என்றே நிற்கிறது. நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி' என நிற்பதை அறிந்தவருக்கு இது மிகவும் சுவையூட்டும். உணவு இடையரின் உணவு. வாரக்கணக்கில் கெடாத, அப்பளம்போல் நொறுங்கும் பானே கரசாவு ரொட்டியும் செம்மறியாட்டுப்பாலில் செய்த பெக்கோரினோப் பாலாடைக்கட்டியும் மேய்ச்சலுக்குச் சென்றோரின் கட்டுச்சோறு; அதே ரொட்டியைச் சாற்றில் நனைத்து, தக்காளியும் முட்டையும் சேர்த்தால் வீட்டில் விருந்து.

முதற்பயணம் சிசிலிக்கே என்பது என் உறுதியான கருத்து. அங்கே எவ்வளவு கலந்தது என்று கண்டபின்னரே, சார்டினியா எதைக் கலக்கவிடவில்லை என்பது விளங்கும். அடுத்து சார்டினியாவுக்குச் செல்பவர் கடற்கரை விடுதியோடு நின்றுவிடாமல், ஜனவரி 17 அன்று மலையூரான மாமொயாதாவில் இருக்குமாறு திட்டமிட வேண்டும்; கரிய மர முகமூடியும் முதுகு நிறைய மணிகளும் அணிந்த மாமுதோனெஸ் என்னும் வேடதாரிகள் அந்நாளில்தான் ஆண்டின் முதன்முறையாகத் தெருவுக்கு வருகிறார்கள்.