ஒட்டாரு: அந்தி சாய்ந்த பிறகு பார்க்க வேண்டிய ஊர்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சிறு துறைமுக நகரமான ஒட்டாருவுக்குப் பிப்ரவரி மாதத்தில் சென்றிருந்தேன். சப்போரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வலப்பக்கச் சன்னலோரம் இடம் கிடைத்தால், இஷிகாரி விரிகுடாவின் அலைகள் தண்டவாளத்துக்கு வெகு அருகில் வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். பலரும் இவ்வூரைப் பகலில் சுற்றிவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

ஊரின் உயிர் அதன் கால்வாய். 1923இல் முடிக்கப்பட்ட அது, நிலத்தைத் தோண்டி வெட்டப்பட்டதன்று. கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கியபோது இடையில் விடப்பட்ட நீர்வழி என்பதால்தான் கரையின் போக்கிலேயே மெல்ல வளைந்து செல்கிறது. கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றிய படகுகள் நேரே கற்கிடங்குகளின் வாசலுக்கு வந்த காலம் மறைந்தபின், அதை முழுவதும் மூடிச் சாலையாக்க முயன்றார்கள். ஊர்மக்கள் விடாமல் போராடியதன் பயனாகப் பாதி அகலமேனும் மிஞ்சியது. 1986இல் அதன் கரையில் நடைபாதையும் 63 எரிவாயு விளக்குகளும் அமைந்தன.

அவ்விளக்குகள் எரியத் தொடங்கும்போது ஊரே வேறாகிவிடுகிறது. 1999 முதல் பிப்ரவரிதோறும் நடக்கும் பனிவிளக்கு விழாவில், நீரில் மிதக்கும் கண்ணாடி உருண்டைகளுக்குள் மெழுகுவத்திகள் எரிகின்றன. அவை ஒருகாலத்தில் மீன்வலைகளுக்கு மிதவையாக இருந்தவற்றின் வடிவம். கரையில் பனியைக் கிண்ணம்போல் குடைந்து வைத்த ஒரு சுடர் அணைந்தபோது, முதிய தன்னார்வலர் ஒருவர் முழந்தாளிட்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் காற்றை மறைத்து அதை மீண்டும் ஏற்றினார். பனிச்சுவரின் உட்புறம் மஞ்சளாகக் கனிந்ததை நெடுநேரம் நின்று பார்த்தேன்.

கிதாஇச்சி கண்ணாடி நிறுவனத்தின் தேநீர்க்கூடமும் அவசியம் பார்க்கத்தக்கது. பழைய கற்கிடங்கு ஒன்றில் 167 எண்ணெய் விளக்குகளின் ஒளியில் மட்டுமே அது இயங்குகிறது. தேநீர் சுமார்தான், மண்ணெண்ணெய் மணமும் அந்த அரையிருளும் மனத்தை நிறைத்துவிடுகின்றன.

கால்வாய்க்கு அருகில் நான் சாப்பிட்ட கடலுணவகம் விலைக்கு ஏற்றதாக இல்லை. ஊர் முழுவதும் சரிவு. இறுகிய பனியில் இருமுறை வழுக்கி விழுந்தேன். காலணியில் மாட்டும் வழுக்குத் தடுப்பான் இன்றி இறங்க வேண்டாம். விழா நாட்களில் அறைகள் விரைவில் நிரம்பிவிடுவதால், தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.