நாலு ஆட்டோ கஞ்சாச் செடி, மூன்று டென்ட்: ஒரு அடியா, ஒன்றரை அடியா, இரண்டு அடியா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் கணக்கு நாலு செடிதான். கியூபெக் மாகாணத்தில் அதுவும் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடா உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி வளர்ப்பது குற்றம். ஆகவே இது ஒன்டாரியோ போல அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கான அலசல்.

எண்ணிக்கையைச் சட்டமே முடிவு செய்துவிட்டதால், சதுர அடிக்கு எத்தனை செடி என்று யோசிப்பதில் பயனில்லை. இருக்கும் நாலுக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் கேள்வி. வீட்டுக்குள் விளக்கு போட்டுச் செடி வளர்க்கும் துணிக் கூடாரம்தான் டென்ட்; கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மூன்று அளவு: 2×2, 3×3, 4×4 அடி. நாலு தொட்டியையும் சதுரமாகப் பரப்பி வைத்தால், தண்டுக்குத் தண்டு முறையே ஒரு அடி, ஒன்றரை அடி, இரண்டு அடி வரும்.

ஆட்டோ (autoflower), அதாவது தானாகப் பூக்கும் ரகம் என்பதால்தான் இந்த வித்தியாசம் பெரிதாகிறது. மற்ற ரகங்களுக்கு வெளிச்ச நேரத்தைக் குறைக்கும்வரை பூ வராது. டென்ட் நிறையும்வரை வளரவிட்டுப் பிறகு பூக்க வைக்கலாம். ஆட்டோ அப்படிக் காத்திருக்காது. விளக்கு 18 மணி நேரம் எரிந்தாலும், முளைத்த மூன்று முதல் ஐந்து வாரத்தில் தன் வயதுக்கே பூவெடுத்துவிடும். விதையிலிருந்து அறுவடை வரை எட்டு முதல் பன்னிரண்டு வாரம், உயரம் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றடி. அதற்குள் நிரப்பாத இடம் கடைசிவரை காலிதான்.

இரண்டு அடி இடைவெளியில் நடப்பது இதுதான். காற்றோட்டம் அருமை, எந்தத் தொட்டியையும் சுற்றி வந்து கை வைக்கலாம். ஆனால் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் மிக அதிகமாக விழுவது டென்டின் நட்ட நடுவில். அங்கே செடியே இல்லை. நாலும் நாலு மூலைப் பக்கம் நிற்க, நடுவில் தரைவிரிப்புக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்போம். சதுர அடிக்கு 30 வாட் என்று வைத்தால் இந்த 4×4 டென்டுக்கு 480 வாட் வேண்டும். 18 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 8.64 யூனிட். அதே கணக்கில் 3×3 டென்டுக்கு 4.86, 2×2க்கு 2.16. எண்பது நாளைக்குப் பெருக்கினால் 691, 389, 173 யூனிட். இடைவெளி என்பது மின்கட்டணமும்தான்.

அப்படியானால் ஒரு அடியே லாபம் என்று தோன்றும். பூ வரும்வரை அது உண்மை. 11 லிட்டர் தொட்டியின் வாய் சுமார் பத்து அங்குலம். ஒரு அடியில் வைத்தால் தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். ஐந்தாவது வாரத்தில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்து அடிப்பகுதி இருட்டாகும், கீழ்ப்பூக்கள் சோளப்பொரி அளவில் நின்றுவிடும். இதைவிட மோசமானது ஈரம். நெருங்கி நிற்கும் இலைகள் விடும் ஆவி வெளியேற வழியின்றி, தடித்த பூங்கொத்தின் உள்ளேயே சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். பிரித்தால் உள்ளே பழுப்பாகக் குழைந்திருக்கும். அந்தக் கொத்தை எறியத்தான் வேண்டும். கோடையில் டொரன்டோ பேஸ்மென்ட்களில் ஈரப்பதம் உறிஞ்சும் கருவி இல்லாமல் ஒரு அடி இடைவெளியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

என் தேர்வு ஒன்றரை அடி, 3×3 டென்ட். ஆறாவது வாரத்தில் நாலு செடியின் இலை நுனிகளும் நடுவில் தொட்டுக்கொள்ளும், ஆனால் மூடிக்கொள்ளாது. விளக்கின் நடு வெளிச்சம் வீணாகாது. கீழே சின்ன மின்விசிறி வைக்க இடமும் இருக்கும்.

இன்னொரு வசதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தொட்டியை நகர்த்தலாம். வேர் கலைந்தால் ஆட்டோவுக்கு இழந்த நாளை ஈடுகட்ட நேரமில்லை என்பதால், விதையைக் கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே போட்டுவிடுங்கள். முதல் மூன்று வாரம் நாலையும் விளக்கின் நடுவே ஒட்டி வையுங்கள், வெளிச்சத்தைக் குறைத்து. பிறகு பரப்புங்கள்.

இரண்டு அடிக்கு நியாயம் உண்டா என்றால், உண்டு: பெரிதாகப் படரும் ரகமாக இருந்து, மூன்றாவது வாரம் தொடங்கி தண்டை மெல்ல வளைத்து நடுப்பக்கம் சாய்த்துக் கட்டும் பொறுமையும் இருந்தால். நுனியைக் கிள்ளிப் படரவைக்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். கிள்ளிய காயம் ஆறுவதற்குள் பூ வந்துவிடும். ஒரு அடி, முழங்கால் உயரம் தாண்டாத குட்டை ரகத்துக்கு, அதுவும் 7 லிட்டர் தொட்டியில், போதும்.