சென்னையில் ஓட விடியலா, மாலையா?

சென்னையில் தொடர்ந்து ஓடுகிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: ஓடுவதற்கு விடியற்காலை ஏற்றதா, மாலை ஏற்றதா? இரண்டு வேளையிலும் ஓடிப் பார்த்த எனக்கு, எந்தப் பருவம் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல இயலாது என்றே படுகிறது.

கத்திரி வெயில் காலத்தில் மாலைக்கு வக்காலத்து வாங்குவோர் கடற்காற்றைச் சொல்வார்கள். முகத்துக்கு அது இதம்தான். ஆனால் பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலையும் மதிற்சுவரும் மாலை ஆறு மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. சுவரைத் தொடாமல் அருகில் கையை நீட்டினாலே அது உறைக்கும். அதிகாலை ஐந்து மணிக்குள் இந்த அனல் பெருமளவு தணிந்துவிடுகிறது என்றாலும், அப்போது காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சொட்டிப்போகும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் காலுறை ஊறிக் காலணி சளக் சளக்கென்று ஒலிக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் தேவைப்படுவதால், வழக்கமான வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

வெயில் இல்லாவிட்டால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. 2019இல் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான், வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவை ஒட்டியே தொடங்கப்பட்டது; ஆயினும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் 70 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதமும் சேர்ந்து, புறப்பட்ட 68 பேரில் 28 பேரை முடிக்க விடவில்லை. ஆகவே கத்திரியில் என் தேர்வு விடியல். அதுவும் வேகத்தை மறந்துவிட்டு, உடல் வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரமாவது கொடுத்து.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளையைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருக்கலாம். வெளிச்சமும் மழை விட்ட இடைவெளியும் எப்போது வாய்க்கின்றனவோ அப்போது ஓடலாம்.

மார்கழியில்தான் நான் பலரோடு மாறுபடுகிறேன். 21, 22 டிகிரிக் குளிரில் நெடுந்தொலைவு ஓட விடியலுக்கு இணையில்லை. ஆனால் உடலின் உள்வெப்பம் விடியலுக்குச் சற்று முன்பு மிகக் குறைவாகவும் பிற்பகல் கடைசியில் மிகுதியாகவும் இருப்பதால், தசைகள் மாலையில் நன்கு இளகி, வேகப் பயிற்சிக்கு ஒத்துழைக்கின்றன. மேலும், குளிர்ந்த அதிகாலைகளில் புகை மேலெழாமல் தரையை ஒட்டியே தங்குகிறது. போகியன்று காலையில் ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாலையிலும் வாகனப் புகை உண்டு என்பதால் பெருஞ்சாலையைத் தவிர்த்து உள்தெருவையோ மைதானத்தையோ நாடுவது நல்லது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது இருட்டிலேயே எழுந்து ஓடிப் பழக வேண்டும், ஏனெனில் அந்த ஓட்டம் பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடும்.