வவுனியாவில் கல்புரொடெக்டின் பரிசோதனை: ஒரு சேகரிப்பு நிலையம் பற்றிய மதிப்பீடு

வயிற்று நோவும் வயிற்றோட்டமும் மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் தொடர்ந்ததனால், மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கல்புரொடெக்டின் என்னும் புரதத்தின் அளவைப் பார்க்கும்படி என் தங்கைக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்தார். வவுனியா நகரிலுள்ள தனியார் சேகரிப்பு நிலையம் ஒன்றில் மாதிரியைக் கொடுத்தோம். பரிசோதனை நடப்பது கொழும்பில். கட்டணம் சாதாரண மலப் பரிசோதனையைவிடப் பல மடங்கு.

அந்தக் கட்டணத்துக்கு நியாயம் புரதத்திலேயே இருக்கிறது. 1980இல் நோர்வே ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த இந்தக் கல்புரொடெக்டின், எஸ்100ஏ8, எஸ்100ஏ9 என்னும் இரு புரதங்களின் சோடி. நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்களின் கலவுருவில், அதாவது கலத்தினுள் இருக்கும் பாய்மத்தில், உள்ள புரதத்தில் ஏறத்தாழப் பாதி இதுவே. கலத்துக்குள் கல்சியம் மிகக் குறைவு. குடற்சுவரில் அழற்சி உண்டாகி, அங்கே திரளும் கலங்கள் இதனை வெளிவிடும்போது, வெளியே மிகுந்துள்ள கல்சியத்தைப் பற்றி இரண்டு சோடிகள் ஒன்றாக இணைகின்றன. அதன் பின் அது நாகம் (துத்தநாகம்), மங்கனீசு ஆகிய உலோகங்களை இறுகப் பிடித்து நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமற் செய்வதோடு, நொதியங்களாலும் எளிதில் சிதைவதில்லை. அதே புரதம் அயற்கலங்களைத் தூண்டி அழற்சியை வளர்க்கவும் செய்கிறது. காவலும் கலகமும் ஒரே கையால் நடக்கின்றன.

சிதையாத இந்தத் தன்மையே வன்னியில் இருப்போருக்கு உதவுகிறது. நெடுங்கேணியிலிருந்து பேருந்தில் வந்து, பின்னர் கொழும்புக்கும் போகும் மாதிரியில், ஓரிரு நாட்களில் அளவு பெரிதாக மாறிவிடாது. ஆயினும் ஊழியர்கள் மாதிரியை உடனே குளிர்ப்பெட்டியில் வைத்ததும், பெயரையும் திகதியையும் இருமுறை சரிபார்த்ததும் பாராட்டத்தக்கவை.

குறை வேறிடத்தில். டைக்குளோபெனாக் போன்ற நோவு மாத்திரைகள் இந்த அளவை உயர்த்தக்கூடும் என்றிருந்தும், அவற்றைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முழங்கால் நோவுக்குத் தங்கை அவற்றையே எடுத்துக்கொண்டிருந்தார். கிராமுக்கு 50 மைக்கிரோகிராம் என்ற எல்லையைப் பெறுபேறு சற்றே தாண்டியிருந்தது. அறிக்கையில் எண்ணைத் தவிர ஒரு வரி விளக்கமும் இல்லை. வைத்தியர் மாத்திரையை நிறுத்தி, சில வாரங்களின் பின் மீண்டும் பார்க்கச் சொன்னார். அளவு எல்லைக்குள் வந்தது. பெருங்குடலைக் கமராக் குழாயால் பார்க்கும் கொலனோஸ்கொபி தேவைப்படவில்லை, ஆனால் கட்டணம் இரட்டித்தது.

கூடிய எண் நோயின் பெயரைச் சொல்லாது; கிருமித்தொற்றும் புற்றுநோயும்கூட அதனை உயர்த்தும். குறைந்த எண்ணோ குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்புக் குறைவு என்பதை நம்பகமாகக் காட்டுகிறது. ஆகவே இந்த நிலையத்தைப் பரிந்துரைக்கிறேன். எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை வைத்தியரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டு, வார நாளொன்றின் காலையில் மாதிரியைக் கொடுப்பது நல்லது.