2-2-3 முறையா, 2-2-5-5 முறையா? மகளின் நாட்களை நாங்கள் பிரித்துக்கொண்ட விதம்

நானும் மகளின் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. வளர்க்கும் பொறுப்பு இருவருக்கும் சரிபாதி என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. எந்த நாள் யாரிடம் என்பதில்தான் தகராறு. முதலில் எட்டு மாதம் 2-2-3 முறையில் இருந்தோம் (ஒரு வீட்டில் தொடர்ந்து எத்தனை நாள் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன, விவரம் கீழே). பிறகு 2-2-5-5 முறைக்கு மாறி, இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. இரண்டிலும் இருந்து பார்த்தவன் என்பதால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகிற குழந்தை, இரண்டு வீடும் பள்ளிக்குப் பக்கம் என்றால் 2-2-5-5 தான்.

அடி, மிரட்டல் என்று பயம் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. அங்கே பாதுகாப்புதான் முதல் கேள்வி. நாட்களைப் பிரிப்பது அதற்கு அப்புறம்.

2-2-3 என்பது இப்படி: திங்கள், செவ்வாய் அம்மாவிடம், புதன், வியாழன் அப்பாவிடம், வெள்ளி, சனி, ஞாயிறு மறுபடி அம்மாவிடம். அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். 14 நாளில் ஆளுக்கு 7 இரவு. இருவரில் யாரையும் மூன்று நாளுக்கு மேல் குழந்தை பிரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் நாங்களும் இதை முதலில் எடுத்தோம். பிரிந்த புதிதில் மூன்று நாளே எனக்கு நீளமாக இருந்தது.

2-2-5-5 முறையில் திங்கள், செவ்வாய் எந்த வாரமும் அம்மாவுடையது. புதன், வியாழன் எந்த வாரமும் என்னுடையது. வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். இதிலும் ஆளுக்கு 7 இரவுதான். வார இறுதி அவரவர் நாட்களோடு ஒட்டிக்கொள்வதால் ஒரே வீட்டில் ஐந்து நாள் தொடர்ந்து இருப்பாள்.

எண்ணிக்கையில் பார்த்தால் வித்தியாசம் சின்னது. இரண்டு வாரத்தில் 2-2-3-க்கு ஆறு தடவை வீடு மாறவேண்டும், 2-2-5-5-க்கு நான்கு தடவை. ஆனால் எங்கள் விஷயத்தில் முடிவு செய்தது அந்த எண்ணிக்கை இல்லை. கிழமைதான்.

2-2-3 ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மகள் தினமும் காலையில் கேட்ட கேள்வி: "இன்னைக்கு நான் யார் வீட்டுலப்பா?" செவ்வாய்க்கிழமை என்றால் போன வாரம் ஒரு பதில், இந்த வாரம் வேறு பதில். நாட்காட்டியில் இரண்டு நிறம் பூசி மாட்டினோம். அதையும் நானே இரண்டு முறை தவறாகப் படித்து, ஒரு புதன்கிழமை பள்ளி வாசலில் நாங்கள் இருவருமே போய் நின்றோம். இன்னொரு வியாழக்கிழமை இருவருமே போகவில்லை. அரைமணி நேரம் ஆசிரியை பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று இரவுதான் முறையை மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தேன்.

பாட்டு வகுப்பு செவ்வாய்க்கிழமை. ஒரு வாரம் அம்மா கூட்டிப்போவார், அடுத்த வாரம் நான். போன வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்ன பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்பது அவருக்குப் போய்ச் சேராது. இப்போது செவ்வாய் முழுக்க அம்மாவுடைய பொறுப்பு. வியாழக்கிழமை நீச்சல் என்னுடையது. அலுவலகத்திலும் புதன், வியாழன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று ஒரே முறை சொன்னேன், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுகிற நாளைச் சொல்லி அனுமதி கேட்டுப் பாருங்கள், அந்த வேதனை புரியும். எல்லாவற்றையும்விட, மாறிய ஒரு மாதத்தில் காலைக் கேள்வி நின்றுபோனது. புதன் என்றால் அப்பா என்று அவளுக்கே தெரியும்.

விடுமுறைக்கும் இதே கதைதான். நீண்ட விடுமுறைக்குத் தனிப் பிரிப்பு, அது வழக்கமான நாட்களை மீறும் என்று எழுதி வைத்திருக்கிறோம். 2-2-3-ல் விடுமுறை முடிந்ததும், சுற்றை விட்ட இடத்திலிருந்து தொடங்குவதா, புதிதாகத் தொடங்குவதா என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். கிழமை நிலையாக இருந்தால் திங்கள் வந்ததும் தானாகப் பழைய தடத்துக்கு வந்துவிடும். வார இறுதி யாருடையது என்பது மட்டும் மிச்சம். அதற்கு, வருடத்தின் முதல் வாரத்திலிருந்து 1, 2, 3 என்று ஓடுகிற வார எண்ணைப் பிடித்துக்கொண்டோம்: ஒற்றைப்படை வாரம் நான், இரட்டைப்படை வாரம் அவர். இதில் ஒரு பள்ளம் உண்டு. 2026 போன்ற சில வருடங்களுக்கு 53 வாரம். 53-ம் ஒற்றை, அடுத்து வரும் 1-ம் ஒற்றை. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு வார இறுதி போய்விடும். அந்த இரண்டாவதை அவருக்குக் கொடுப்பது என்று முன்னாடியே எழுதிவிட்டோம்.

ஐந்து நாள் இடைவெளி வலிக்காது என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு மாதம் நான்காம் நாள் இரவு தொலைபேசியில் அழுதாள். தூங்கும் முன் ஐந்து நிமிடம் அப்போது கூட இல்லாத அம்மாவையோ அப்பாவையோ தொலைபேசியில் அழைப்பது என்று வைத்தோம், மெல்லக் குறைந்தது. கைக்குழந்தைக்கும் இரண்டு மூன்று வயதுக்காரருக்கும் ஐந்து நாள் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். அந்த வயதில் நான் இதைச் செய்ததில்லை, ஆனால் அங்கே 2-2-3-ன் பக்கம் நியாயம் இருக்கிறது.

வாரம் விட்டு வாரம் என்கிற 7-7 முறையில் இரண்டு வாரத்துக்கு இரண்டே மாற்றம். பதின்ம வயதுக்கு அது வசதியாக இருக்கலாம். ஒன்றுவிட்ட வார இறுதி மட்டும் என்பது, தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லாதபோது எடுப்பது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை இரண்டு இரவு, பிறகு பன்னிரண்டு நாள் பார்க்கவே முடியாது. பக்கத்திலேயே வீடு இருந்தும் ஏன் அதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எந்த முறையானாலும் மாற்றத்தைப் பள்ளி வழியாக வையுங்கள். காலையில் ஒருவர் விட்டு, மாலையில் மற்றவர் கூட்டிப்போவது. எங்கள் நான்கு மாற்றமும் புதன், வெள்ளி, புதன், திங்கள் என்று பள்ளி நாட்களிலேயே விழுகின்றன. வீட்டு வாசலில் மாற்றிய நாட்களில் கட்டணம், காய்ச்சல், மறந்துபோன சட்டை என்று நாங்கள் பேசத் தொடங்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு அவள் நடுவில் நிற்பாள். துணி, பல்துலக்கி, கண்ணாடி எல்லாம் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக வாங்கிவைத்தோம். பள்ளிப்பை மட்டும்தான் போய்வருகிறது, அப்புறம் அந்தப் பழைய கரடி பொம்மை.

பள்ளி ஆண்டு முடியும்போதெல்லாம் உட்கார்ந்து மறுபடி பார்ப்பது என்பதும் எங்கள் எழுத்தில் இருக்கிறது. போன முறை அவளே ஒரு கோரிக்கை வைத்தாள்: நீச்சல் போட்டி இருக்கிற வார இறுதியில் இருவருமே வரவேண்டும். அது யாருடைய வார இறுதி என்று இப்போது நாங்கள் பார்ப்பதில்லை.